குளக்கரைக்கு வந்த வாலிபர்கள்: கோவைச் சேவைச் சங்கங்களும் சமூக ஊடகமும்

கோவை மாநகரிலும் அதனைச் சூழ்ந்த கொங்குச் சிற்றூர்களிலும் இயங்கிவரும் ரோட்டரி, அரிமா, ஜேசிஸ் முதலிய சேவைச் சங்கங்களின் நிர்வாகிகள் கூடிப் பேசும் இடங்களில் அடிக்கடி எழுகின்ற விசாரம் ஒன்று உண்டு. அங்கத்தினரின் தலை நரைத்துக்கொண்டே போகிறது, வாலிபர்கள் வருவதில்லை, வந்தாலும் நிலைப்பதில்லை என்பதே அது. இதற்குப் பரிகாரமாகச் சமூக ஊடகம் சொல்லப்படுகிறது. முகநூலில் ஒரு பக்கம் தொடங்கப்படுகிறது. இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு திறக்கப்படுகிறது. ஆயினும் அடுத்த ஆண்டும் அதே விசாரம் அதே சொற்களில் எழுகின்றது. ஆனால் இதே ஊரில், இதே பத்தாண்டுக் காலத்தில், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கையுறை அணிந்து, சாக்குப் பையும் மண்வெட்டியும் ஏந்தி, குளக்கரைகளில் நெகிழிக் கழிவைப் பொறுக்கவும் சீமைக் கருவேலத்தை அகற்றவும் கல்லூரி மாணவரும் மென்பொருள் ஊழியரும் திரண்டு வந்திருக்கிறார்கள். அவர்களை அழைத்து வந்ததும் அதே வாட்ஸ்அப்பும் முகநூலுமே. ஊர் ஒன்று, தலைமுறை ஒன்று, சாதனமும் ஒன்று. விளைவு மாத்திரம் வேறுபட்டிருப்பதற்குக் காரணம் என்ன என்பது ஆராயத் தக்கது.

முதற்கண், இச்சங்கங்களின் பிறப்பையும் இயல்பையும் நினைவுகொள்வது நலம். 1905-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர், பெருநகரின் தனிமையில் சிற்றூரின் சிநேகத்தைத் தேடியவராய், நண்பர் மூவரோடு கூடியதே ரோட்டரியின் தொடக்கம். அங்கத்தினரின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியதால் அப்பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்பது அதன் ஆதி விதி. ஒரே சங்கத்தில் ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், ஒரு ஜவுளி வியாபாரி என அமையவேண்டும் என்பது அதன் கருத்து. 1917-இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் அரிமா சங்கத்திற்கு வித்திட்டார். கல்கத்தாவில் 1920-இல் ரோட்டரிச் சங்கம் பட்டயம் பெற்றது; அரிமா சங்கம் 1956-இல் இந்தியாவுக்கு வந்தது.

இவ்வகைச் சங்கங்கள் வேரூன்றுவதற்குக் கொங்கு நாட்டைப்போல் தகுந்த நிலம் வேறு கிடைப்பது அரிது. பைகாரா நீர்மின்சாரம் 1930-களில் சமவெளிக்கு இறங்கி வந்தபின், பஞ்சாலைகளும் பொறியியல் பட்டறைகளும் பெருகிய கோவையில், சொந்த உழைப்பால் மேலே வந்த மனிதர்கள் ஒரு வகுப்பாகவே உருவாயினர். தேடிய பொருளில் ஒரு பங்கை ஊருக்கு வைக்கவேண்டும் என்பது அவர்களிடத்தில் வழிவழி வந்த தர்மம். 1926-இல் பூ.சா.கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர்கள் குடும்பச் சொத்தின் ஒரு பங்கை அறக்கட்டளையாக்கியதும், 1930-இல் தி.சு.அவினாசிலிங்கம் அவர்கள் ராமகிருஷ்ண வித்யாலயத்தை ஓர் அரிஜன மாணவனோடு தொடங்கியதும் இந்தப் பூமியில் நிகழ்ந்தவை. ஆகவே பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோபியிலும் ஆலை அதிபரும் மண்டிக்காரரும் மருத்துவரும் சேர்ந்து அமைத்த சங்கங்கள், வந்த இடத்தில் அந்நியமாகத் தோன்றவில்லை. கண் சிகிச்சை முகாம், பள்ளிக்கு மேசை நாற்காலி, இரத்த தானம், எரிவாயு மயானம் என அவர்கள் ஆற்றிய பணியைக் குறைத்து மதிப்பிடுதல் நன்றியின்மையாகும். 1985-இல் ரோட்டரி உலகளாவிய இயக்கமாகத் தொடங்கிய போலியோ ஒழிப்பில், தெருத்தெருவாகச் சொட்டு மருந்துச் சாவடி அமைத்தவர்கள் இத்தகைய ஊர்ச் சங்கங்களின் அங்கத்தினரே. இந்நாட்டில் கடைசிக் காட்டு வகைப் போலியோ நோய் 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டதும், 2014 மார்ச் 27-இல் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றதெனச் சான்று பெற்றதும் சரித்திரம்.

இளைஞரை மறந்துவிட்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 1957-இல் அரிமாவின் லியோ சங்கமும், 1968-இல் ரோட்டரியின் ரோட்டராக்டும் அவர்களுக்கென்றே ஏற்பட்டவை. காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவையை மாணவரிடம் எதிர்பார்த்தது. கோவையின் கல்லூரிகளில் பயின்ற பல தலைமுறையினர் கிராம முகாமில் தங்கிச் சாலை போட்ட அனுபவம் உடையவர்கள். இதற்கெல்லாம் முன்னரே, 1932 ஜனவரியில் கையில் கொடியோடு தடியடிபட்டு உயிர்நீத்த திருப்பூர் குமரன், தேசபந்து வாலிபர் சங்கத்தைச் சேர்ந்தவர். கொங்கு இளைஞனுக்குச் சங்கம் சேர்தல் புதிதன்று.

அப்படியிருக்க, தடை எங்கே? அமெரிக்க அறிஞர் ராபர்ட் புட்னம், 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், அந்நாட்டில் 1960-களுக்குப் பின்னர் சங்கங்களின் அங்கத்துவமும் கூட்டங்களுக்கு வருவோர் தொகையும் சரிந்து வந்ததை விரிவாகக் காட்டி, தலைமுறை மாற்றத்தையும் தொலைக்காட்சியையும் முக்கியக் காரணங்களாகச் சுட்டினார். வீட்டில் திரையின் முன் தனித்திருக்கும் மனிதன் பொதுவாழ்விலிருந்து விலகுகிறான் என்ற அவ்வாதத்தை இங்குள்ள பலர் கைப்பேசிக்கும் பொருத்திப் பேசுகின்றனர். கோவையின் சமீப சரித்திரம் அதை ஏற்க மறுக்கிறது என்பது என் துணிபு.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து கைப்பேசி வழி இணையத்தின் விலையை வீழ்த்தியது. அதுவரை அளந்து செலவிட்ட இணையம் மாணவர் விடுதியில் குழாய் நீர்போல் ஓடலாயிற்று. நான்கு மாதம் கழித்து, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினாவில் இளைஞர் கூடியபோது, கோவையில் வ.உ.சி. மைதானமும் நிரம்பியது. அரசியல் கட்சியோ, தலைவரோ, சுவரொட்டியோ அழைக்காமல், கைப்பேசிச் செய்திகளின் வழியே திரண்ட அக்கூட்டம், இரவெல்லாம் தங்கி, உணவைப் பகிர்ந்து, குப்பையைத் தானே அகற்றிக்கொண்டதைக் கண்ட முதியோர் வியந்தனர். அவசரச் சட்டம் வந்தது, கூட்டம் கலைந்தது. அந்த ஆற்றல் எங்கே போயிற்று என்ற வினாவுக்குக் கோவையில் கிடைத்த விடைகளுள் ஒன்று, அதே 2017-இல் உருவான கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு.

அதன் பணியைச் சற்று விஸ்தாரமாக நோக்கவேண்டும். வெள்ளியங்கிரி மலையில் ஊற்றெடுத்துக் கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் கலக்கும் நொய்யல், தன் வழியில் வாய்க்கால்களால் பிணைத்த குளங்களின் வரிசையே இந்நகரத்தின் பழைய ஜீவநாடி. அக்குளங்கள் சாக்கடைத் தேக்கங்களாகவும் குப்பை மேடுகளாகவும் மாறியபின், 2003-இல், வறட்சியின் கடுமையில், தொழிலதிபர்கள் முன்னின்று 'சிறுதுளி' என்ற அமைப்பை நிறுவினார்கள். அது பொருள்வளமும் தொழில்நுட்பமும் உடைய ஸ்தாபனம், தூர் வாருவதற்கு எந்திரங்களைக் கொணர்ந்தது, பெரும்பணி செய்தது. பதினான்கு ஆண்டுக்குப்பின் வந்த குளங்கள் பாதுகாப்பு அமைப்போ மக்களின் கைகளை முதலாகக் கொண்டு தொடங்கியது. ஞாயிறுதோறும் ஒரு குளம் அல்லது ஒரு வாய்க்கால், காலையில் சில மணி நேரம், யாரும் வரலாம், சந்தா இல்லை, சிபாரிசு இல்லை. பேரூர்ப் பெரியகுளத்தில் தொடங்கிய இவ்வாரப்பணி நூறு வாரங்களைக் கடந்தும் நிற்கவில்லை. வெள்ளலூர்க் குளத்துக்கு நீர் கொணரும் ராஜவாய்க்கால் சீர்செய்யப்பட்டு, பல்லாண்டுகளாக வறண்டு கிடந்த அக்குளம் நீர் கண்டது, கரையில் அடர்வனம் வளர்ந்தது, பட்டாம்பூச்சிகள் வந்தன, அவற்றைக் கணக்கெடுக்க ஆர்வலர்களும் வந்தனர்.

இங்கே சமூக ஊடகம் ஆற்றிய பங்கு மிக எளியது. எளியதாக இருந்ததனாலேயே பலித்தது. இத்தகைய அழைப்பில் அடங்குவன இடம், நேரம், செய்யவேண்டிய வேலை ஆகிய மூன்றே. வந்தவர் பணி முடிந்தபின் எடுத்த படம் அன்று பகலிலேயே அவருடைய நண்பர்களின் கைகளுக்குப் போய்ச் சேருகிறது. படத்தில் காண்பது காலையில் கிடந்த குப்பையும் நண்பகலில் தெரிந்த கரையும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கான அழைப்பு அதன் அடியிலேயே இருக்கிறது. இவ்வாறு விளம்பரமும் அழைப்பும் கணக்கு ஒப்புவித்தலும் ஒரே செயலாகிவிடுகின்றன. கடந்த வாரம் என்ன நடந்தது என்று பார்க்கும் ஒரு மாணவிக்கு, வரும் வாரம் தான் போனால் என்ன செய்வாள் என்பது ஐயமறத் தெரிகிறது. புதியவரின் மனத்தில் உள்ள பெரிய தடை கூச்சம். அங்கே போய் யாருடன் நிற்பது, என்ன பேசுவது என்ற அச்சம். கையில் ஒரு சாக்கைக் கொடுத்துவிட்டால் அந்த அச்சம் தீர்ந்துவிடுகிறது.

2014-இல் கோவையில் இளைஞர் சிலர் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அமைப்பும் இதே இயல்பினது. திருமண மண்டபங்களில் மிஞ்சும் உணவை உடனே எடுத்துச் சென்று பசித்தவரிடம் சேர்க்கும் பணி அது. கொங்கு முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்தில் எவ்வளவு சாதமும் குழம்பும் மீந்துபோகும் என்பதை அறிந்தவர்க்கு அதன் தேவையை விளக்கவேண்டியதில்லை. சமைத்த உணவு சில மணி நேரத்தில் கெட்டுவிடும். எனவே மண்டபத்திலிருந்து அழைப்பு வந்த கணத்தில் அருகில் யார் இருக்கிறார், வண்டி யாரிடம் உண்டு என்று அறியும் சாதனமாகக் கைப்பேசி அங்கே பயன்படுகிறது. வேலையின் உறுப்பாகவே ஊடகம் அமைந்துவிட்டதால், ஆள் சேர்ப்பதற்கெனத் தனிப் பிரசாரம் அதிகம் தேவைப்படவில்லை.

சமூகவியலில் மார்க் கிரானவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விடத்தில் பெரிதும் துணைசெய்கிறது. நெருங்கிய உறவினரும் உயிர்த்தோழரும் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்களே ஆதலால், அவர்களிடையே சுற்றும் செய்தியும் வாய்ப்பும் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. புதிய செய்தி வெளியிலிருந்து வருவது மெல்லிய அறிமுகங்களின் வழியாகவே என்பது அவர் நிறுவிய கருத்து. இதைக் கொங்கு நாட்டின் சேவைச் சங்கத்தோடு பொருத்திப் பார்ப்போம். ஓர் அங்கத்தினர் முன்மொழிந்து புதியவர் சேர்வது மரபு. முன்மொழிபவர் தம் வட்டத்திலிருந்தே ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். அவ்வட்டம் தொழிலாலும் கொள்வினை கொடுப்பினையாலும், ஒளிக்காமல் சொன்னால் சாதியாலும், வரையறுக்கப்பட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதி தொழிலில் பன்மையைக் கொண்டுவந்தது. குலத்திலும் பாலிலும் பன்மையைக் கொண்டுவர அதனால் இயலவில்லை. 1987-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே, 1989-இல் ரோட்டரி தன் விதியைத் திருத்திப் பெண்களை உலகெங்கும் அங்கத்தினராக ஏற்றது. இன்று சரவணம்பட்டியிலும் கீரணத்தத்திலும் உள்ள மென்பொருள் வளாகங்களில் பணிசெய்யும் இளம்பெண்ணொருத்தி, தருமபுரியிலிருந்தோ தேனியிலிருந்தோ வந்து விடுதியில் தங்கியிருப்பவள், எந்த ஆலை அதிபரின் வட்டத்திலும் இல்லாதவள், கோவைக்குத் தன் உழைப்பைத் தர விரும்பினால் அவளை முன்மொழிவார் யார்? சமூக ஊடகத்தின் மெய்யான பெருமையை நான் இங்கேதான் காண்கிறேன். சிபாரிசு இல்லாத மனிதனுக்கு அது வாயிலைத் திறக்கிறது. படங்களின் அழகும் விருப்பக் குறிகளின் தொகையும் இதற்கு ஈடாகா.

இனி, பெரும்பாலான சங்கங்கள் அதே ஊடகத்தை எவ்வாறு ஆள்கின்றன என்று பார்ப்போம். பதவியேற்பு விழாவில் பட்டயத் தலைவருக்குப் பொன்னாடை. மாவட்ட ஆளுநருக்கு நினைவுப் பரிசு. மேடையில் பன்னிருவர் நிற்கும் படம். நலத்திட்ட உதவி வழங்கும்போது தையல் இயந்திரத்தின்மீது ஐவர் கைவைத்த படம். வாட்ஸ்அப் குழுவிலோ காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் நாள்முழுதும் வந்து நிறைய, பணிக்கான செய்தி அவற்றின் நடுவே புதைந்துவிடுகிறது. இவற்றை அனுப்புவோரின் அன்பில் குறையில்லை. ஒருவரையொருவர் கௌரவித்துக்கொள்ளுதல் நீண்டகாலத் தோழமையின் அடையாளம். ஆனால் வெளியிலிருந்து பார்க்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அப்படம் சொல்லும் செய்தி என்ன? இங்கே கௌரவம் பெறுவதற்கு முப்பது ஆண்டு காத்திருக்கவேண்டும். அதுவரை எதிரே நாற்காலியில் அமர்ந்து கைதட்டவேண்டும் என்பதே. அவன் வராததில் வியப்பில்லை.

மாற்றவேண்டியது அதிகமில்லை. மேடைப் படத்தின் இடத்தில் வேலையின் படம் வரவேண்டும். முடிந்த நிகழ்ச்சியின் அறிக்கையோடு வரப்போகும் பணியின் அழைப்பும் வரவேண்டும். அழைப்பில் எத்தனை பேர் தேவை, எவ்வளவு நேரம், எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்பன இருக்கவேண்டும். அங்கத்தினருக்கான குழு வேறு, தொண்டருக்கான குழு வேறு என்று பிரித்து, பின்னதில் பணிச் செய்தியன்றி வேறெதுவும் வராமல் காத்தல் வேண்டும். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 256 பேருக்கே இடமிருந்த காலம் போய், 2022-இல் அது 1024 ஆக விரிந்துள்ளது. ஒரு வட்டாரத்தின் தொண்டர் படைக்கு இது போதுமானது. முதியோர் முகநூலிலும் மாணவர் இன்ஸ்டாகிராமிலும் இருக்கின்றனர் ஆதலால், முன்னதில் இட்டதையே பின்னதிலும் இடுவது வீண். அரை நிமிடக் காணொளியில் ஒரு கண் சிகிச்சை முகாமின் காலைப் பொழுதைக் காட்டும் திறன் பதினெட்டு வயது ரோட்டராக்டரிடம் இயல்பாகவே உண்டு, அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அவரிடம் நம்பிக் கொடுப்பதற்கு மூத்தோர் தயங்காதிருந்தால்.

எச்சரிக்கைகளும் உள. சிகிச்சை பெறும் முதியவரின் முகத்தையும் இலவச நோட்டுப்புத்தகம் வாங்கும் குழந்தையின் முகத்தையும் உலகம் முழுவதற்கும் காட்டுவது, கொடுத்த கையே கொடையைப் பறிப்பதற்கு நிகர். ஈவதை ஏற்பவன் நாணாதபடி ஈவதே நம் முன்னோர் கண்ட முறை. இரத்தம் தேவை என்று தேதியின்றி அனுப்பிய செய்தி, நோயாளி குணமாகி வீடு திரும்பிய பின்னும் ஆண்டுக்கணக்கில் சுற்றி, மெய்யான தேவையின்மீதும் நம்பிக்கையைக் கெடுக்கிறது. மருத்துவமனை, இரத்த வகை, நாள், காலாவதி நேரம் ஆகியவை இல்லாத செய்தியைச் சங்கத்தார் பகிரக் கூடாது. மேலும், இவ்வூடகங்கள் நமக்குச் சொந்தமானவை அல்ல. 2020 ஜூன் 29-இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, ஆண்டுகள் பல உழைத்துச் சேர்த்த பார்வையாளரை ஒரே இரவில் இழந்தவர் அநேகர். தொண்டரின் பெயரும் தொலைபேசி எண்ணும் சங்கத்தின் சொந்தப் பதிவேட்டில், அவர் இசைவோடு, எழுதப்பட்டிருத்தல் அவசியம்.

வந்தவரை நிறுத்துவது இதைவிடக் கடினமான காரியம். 1964 கோடையில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் பணியாற்ற விண்ணப்பித்த மாணவர்களை ஆராய்ந்த டக் மக்காடம், ஆபத்தான அப்பணிக்கு இறுதியில் சென்றவர்க்கும் பின்வாங்கியவர்க்கும் இடையே கொள்கைப் பற்றில் பெரிய பேதமில்லை என்றும், சென்றவர்களுக்கு அப்பணியில் நெருங்கிய நண்பர்கள் இருந்தனர் என்றும் கண்டார். மெல்லிய அறிமுகம் அழைத்துவரும். நெருங்கிய சிநேகமே தங்கவைக்கும். துருக்கி நாட்டில் பிறந்த சமூகவியலறிஞர் ஸெய்னப் துஃபெக்சி 2017-இல் எழுதிய நூலிலும் இதற்கு இணையான எச்சரிக்கை உண்டு: முன்காலத்தில் ஒரு பேரணி கூட்டுவதற்கு மாதக்கணக்கில் உழைக்கவேண்டியிருந்தது, அவ்வுழைப்பே ஒருங்கு முடிவெடுக்கும் பயிற்சியைத் தந்தது, இன்று கூட்டம் எளிதில் கூடிவிடுகிறது, பயிற்சி கிடைப்பதில்லை. ஜனவரியில் வ.உ.சி. மைதானத்தில் நின்றவர்களுள் சிறு தொகையினரே குளக்கரைக்கு வந்திருப்பார்கள். ஆனால் வந்தவர்கள் வாரந்தோறும் ஒரே மனிதர்களோடு ஒரே சேற்றில் இறங்கியபோது சிநேகம் பிறந்தது.

இங்கே பழைய சங்கங்களுக்குப் புதிய அமைப்புகளிடம் இல்லாத செல்வம் ஒன்று உண்டு. கணக்குத் தணிக்கை, நடவடிக்கைக் குறிப்பேடு, ஆண்டுதோறும் தலைவர் மாறும் விதி, மாவட்டம் முதல் தேசம் கடந்தும் விரியும் தொடர்பு, மூத்தோரின் தொழிலறிவு ஆகிய இவற்றை எந்தக் கைப்பேசியும் தராது. 2021 மே மாத இறுதியில் கோவை மாவட்டம் அன்றாடக் கொரோனாத் தொற்றில் சென்னையையும் மிஞ்சிய நாட்களில், எந்த மருத்துவமனையில் படுக்கை உண்டு என்று இணையத்தில் தேடிச் சொன்னவர்கள் இளைஞர்கள். பிராணவாயுக் கருவி வாங்கப் பொருள் திரட்டவும் மருத்துவமனை நிர்வாகத்தோடு பேசவும் வல்லவர்கள் மூத்தோர். இவ்விரு திறனும் ஒரே சங்கத்தின் கூரையின்கீழ் ஏன் வாழக் கூடாது?

விதிகள் இப்போது தடையாக இல்லை. 2016-இல் ரோட்டரியின் சட்டமன்றம், கூட்ட நாள், வருகைப் பதிவு, அங்கத்துவ வகை ஆகியவற்றில் சங்கங்களுக்குப் பெரும் சுதந்திரம் அளித்தது. இணையவழிக் கூட்டமும் ஏற்கப்பட்டது. 2019-இல் ரோட்டராக்ட் சங்கங்களுக்கு ரோட்டரியில் தனி அங்கத்துவத் தகுதி வழங்கப்பட்டு, 2020 ஜூலையிலிருந்து முப்பது வயது வரம்பும் நீக்கப்பட்டது. எஞ்சியிருப்பது பணம். ரோட்டரியின் சர்வதேசச் சந்தா மாத்திரம் 2025-26-இல் ஆண்டுக்கு 82 டாலர். அதன்மேல் மாவட்டச் சந்தா, சங்கச் சந்தா, வாரக்கூட்ட விருந்துச் செலவு ஆகியன சேரும். முதல் சம்பளத்தில் கல்விக் கடனை அடைக்கும் பொறியியல் பட்டதாரிக்கு இது பாரமே. கல்லூரி ரோட்டராக்டருக்கோ அது 5 டாலர். கல்லூரியை விட்டு வெளியேறும் ஆண்டில் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் நம் இளைஞர்கள் உதிர்ந்துபோகிறார்கள் என்று எண்ணுகிறேன். ஓட்டல் விருந்தைக் கைவிட்டுத் தேநீரோடு கூட்டம் நடத்தினாலும், முதல் மூன்றாண்டுச் சந்தாவின் ஒரு பகுதியை மூத்த அங்கத்தினர் ஏற்றுக்கொண்டாலும் அப்பள்ளம் பெரும்பாலும் தூர்ந்துவிடும். ஒரு பதவியேற்பு விழாவின் பொன்னாடைச் செலவே சிலருடைய சந்தாவுக்குப் போதும்.

ரோட்டரிச் சங்க ஆண்டு ஜூலை முதல் நாள் பிறக்கிறது; மறு ஆண்டுக்கான நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் பொதுக்கூட்டமோ டிசம்பர் முடிவுக்குள் நடந்தாக வேண்டும். ஆகஸ்டு மாதத்து ஞாயிறொன்றில், இன்ஸ்டாகிராம் அழைப்பைக் கண்டு வெள்ளலூர்க் கரைக்கு வந்த இளம்பெண், அந்த டிசம்பர்க் கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையோடு அமர்ந்திருக்க வேண்டுமானால், அக்டோபருக்குள்ளாவது அவளுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னரே, அவளைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த மூத்த அங்கத்தினர் ஒருவர் இரண்டு மூன்று ஞாயிறாவது அந்தக் குளக்கரைக்குத் தாமே போய்வந்திருக்க வேண்டும்.